நாற்பத்தொன்றாம் அத்தியாயம்

பேசட்டும். கோமதிநாயகம் இன்னொரு யானைப்படையையும் இறக்கிவிட்டே பேசட்டும், இங்கே யார் குடி முழுகிப் போகிறது என்று திலகவதி நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள். மருந்துக்கடைக்காரர் அவர். வாரத்தில் ஆறு நாள் இருமல் மருந்தும் வயிற்றுவலி மாத்திரையும் எடுத்துக் கொடுத்துவிட்டு, மாசத்துக்கு ஒரு ஞாயிறு இங்கே வந்து ரத்த ஆறு ஓடவிடுவார். மூன்று போராவது இல்லாத சரித்திர நாவலைக் கையால் தொடமாட்டார். "நூத்தம்பதாம் பக்கத்துல ஒரு முற்றுகை வருது பாருங்க, இலையில சோத்தைப் போட்டுக்கிட்டுப் படிக்காதீங்க, சோறு இறங்காது" என்று கையை வீசினார், முன்னால் இருந்த டைப்ரைட்டரின் ரெக்ஸின் உறையில் அது பட்டுத் தூசி கிளம்பியது. உறையூரில் எட்வின் சாரின் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் அது. மூடி ஆறு வருஷம் ஆகிறது. மெஷின்களை மட்டும் மனுஷர் விற்கவில்லை, அதனால் மாதத்தின் இரண்டாம் ஞாயிறு காலை வாசகர் வட்டம் கூடும்போது ஒவ்வொருவர் மடிக்கு எதிரேயும் ஒரு மெஷின் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பழைய ஸ்பீடு டெஸ்ட் மணியும் இருக்கிறது. ஆளுக்கு ஐந்து நிமிஷம், மணி அடித்தால் உட்கார்ந்துவிட வேண்டும். கோமதிநாயகத்துக்குப் பிறகு எட்வின் சார். எட்வின் சாருக்குப் பிறகு அவள். மடியில் இருந்த துணிப்பைக்குள் கையை விட்டாள். பழைய புத்தகத்தின் சிவப்புக் காலிகோத் துணி அட்டை விரலுக்குச் சொரசொரவென்று தட்டுப்பட்டது. இருக்கிறது, எங்கேயும் ஓடிவிடவில்லை, அவளும் ஓடப்போவதில்லை, இத்தனை வயசுக்கு மேல் எங்கே ஓட, முழங்கால் விட்டால்தானே.

எதிர் வரிசையில் பாலகுருசாமி நோட்டில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். ஓய்வுபெற்ற சார்பதிவாளர், நாலு வருஷமாக வட்டத்துக்குத் தலைவர். தலையை நிமிர்த்தவே இல்லை. நிமிர்த்தாமலே அவள் உட்கார்ந்திருக்கிறாள் என்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார், அது அவளுக்குத் தெரியும், முப்பத்தெட்டு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காதில் ஹெட்செட்டோடு குப்பை கொட்டியவளுக்குப் பேசாமல் இருக்கிறவர்களின் சத்தம் கேட்காதா? அவருடைய மேஜைமேல் அந்தப் புதுப் புத்தகம். 'மாறன்கோட்டை மதில்', புதிய பதிப்பு, பளபள அட்டையில் ஒரு பெண் இடுப்பை ஒடித்துக்கொண்டு நிற்கிறாள். பூதலநங்கை ஒருநாளும் அப்படி நின்றவள் இல்லை. கோட்டையின் நீர்வாயிலைக் காத்தவனின் மகள், மதில்மேல் நின்று நாழிகை சொல்லிக் குரல் கொடுக்கிறவள், அவளுக்கு எதற்கு ஒடிந்த இடுப்பு? படம் போட்டவன் ஒரு பக்கமாவது படித்திருப்பானா? படித்திருக்கமாட்டான். முகம் தெரியாத ஒருத்தனிடம் கோபம் வந்தது திலகவதிக்குச் சௌகரியமாக இருந்தது, முகம் தெரிந்தவரிடம் கோபப்பட இன்னும் பத்து நிமிஷம் இருக்கிறதே.

வெள்ளிக்கிழமை போன் பண்ணியிருந்தார். "அம்மா வணக்கம், பாலகுருசாமி பேசறேன், மாத்திரையெல்லாம் போட்டாச்சா" என்று ஆரம்பித்த உடனேயே அவள் உஷாராகிவிட்டாள், நல்ல சேதிக்கு யாரும் மாத்திரையை விசாரிப்பதில்லை. "புதுப் பதிப்பு வந்திருக்கும்மா. உங்க வால்யூம்ல நாற்பத்தொண்ணாம் அத்தியாயம் மட்டும் கையெழுத்துல இருக்கே, அதையும் இதையும் பக்கத்துல வெச்சுப் பார்த்தேன். ஒரு வரி சேரலை. கதையே வேற." லைன் கரகரவென்று இருந்தது. "போலி ஆவணம்னு சொல்ல எனக்கு வாய் வரலை. நீங்க அதைப் பழைய புஸ்தகக் கடையில வாங்கியிருப்பீங்க. முன்னாடி வெச்சிருந்தவன் யாரோ எழுதித் தெச்சிருப்பான்." வாங்கவில்லை என்று அவருக்குத் தெரியும். ஆயுசு முழுக்கக் கையெழுத்தைப் பார்த்துப் பார்த்தே கண்ணாடியின் கனத்தை ஏற்றிக்கொண்டவர் அவர், அவளுடைய 'ழ'வின் சுழி வட்டத்தின் வருகைப் பதிவில் மாசா மாசம் இருக்கிறது. "ஞாயித்துக்கிழமை கை வெச்சு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. இது யார் எழுதினதுன்னு எனக்குத் தெரியாது, அவ்வளவுதான். வட்டத்தோட இரவல் பட்டியல்ல இருந்து வால்யூமை எடுத்துடுவோம். உங்க பேருக்கு ஒரு கீறல் விழாது." நல்ல மனுஷர். அதுதான் கஷ்டம். கெட்டவனாக இருந்தால் போனிலேயே நாலு வாங்கு வாங்கியிருப்பாள்.

கை வைப்பது அவர் கொண்டுவந்த பழக்கம். அட்டையின் பின்பக்கத்தை மட்டும் படித்துவிட்டு வந்து ஆகா ஓகோ என்று சிபாரிசு பண்ணுகிறவர்கள் பெருகிப்போனார்கள், எண்ணூறு பக்கப் புத்தகத்தை நம்பித் தூக்கிக்கொண்டு போனவர்கள் வயிறெரிந்தார்கள். அப்போதுதான் பாலகுருசாமி சொன்னார், கைநாட்டு வைக்காத பத்திரம் பத்திரமே இல்லை, இனிமேல் சிபாரிசு பண்ணுகிறவர் புத்தகத்தின்மேல் வலது கையை வைத்து "முழுசாப் படிச்சேன், நீங்களும் படிக்கலாம்" என்று சொல்லட்டும். முதலில் எல்லாரும் சிரித்தார்கள். பிறகு பழகிவிட்டது. பழகின பிறகு பயமாகவும் ஆகிவிட்டது, கோமதிநாயகம்கூடப் போர் இல்லாத பக்கங்களையும் புரட்டிவிட்டுத்தான் வருகிறார். திலகவதியும் வைத்திருக்கிறாள், எத்தனையோ புத்தகத்துக்கு, இந்தச் சிவப்புக் காலிகோவுக்கே மூன்று தடவை. பொய் இல்லையே. முழுசாகப் படித்தவள்தானே? அவளைவிட முழுசாக அதைப் படித்தவர் இந்தப் பூமியில் யார்? ஆனாலும் ஒவ்வொரு தடவை அந்த அட்டைமேல் கையை வைக்கும்போதும் உள்ளங்கையின் நடுவில், நாலணா அகலத்துக்கு மழமழவென்று ரேகை இல்லாமல் கிடக்கிற இடத்தில், குறுகுறுவென்று இருக்கும்.

எண்பத்திரண்டாம் வருஷம். எக்ஸ்சேஞ்சில் காலை ஷிப்டில் ஆறு பேர், ஆறு பேருக்குமாக ஒரு வாரப் பத்திரிகை, வியாழக்கிழமை வரும். வந்தவுடன் முதலில் படிக்கிற உரிமை சூபர்வைசர் அம்மாவுக்கு, அப்புறம் வயசுப்படி ஒவ்வொருத்தியாக, கடைசியில் திலகவதி. கடைசி என்று அவளுக்கு வருத்தமே கிடையாது, கடைசியாகப் படிக்கிறவளுக்குத்தான் தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்து வைத்துக்கொள்ளும் பாத்தியதை, அப்படி ஒரு ஏற்பாடு. முடிந்ததும் பைண்டு பண்ணி ஆறு பேரும் சுற்றுக்கு எடுத்துக்கொள்வது. மதராஸ் லைன் கிடைக்கிறவரைக்கும் ஒரு பாரா, பம்பாய் லைன் கிடைக்கிறவரைக்கும் இரண்டு பாரா, "லைன்ல இருங்க சார்" என்று சொல்லிக்கொண்டே பூதலநங்கையோடு மதிலேறி நிற்பாள். மதிலுக்கு அந்தப் பக்கம் முகாம் போட்டிருந்த பகைவர்களுக்கும் பூதலநங்கையின் குரல் தெரியும். முகம் தெரியாது, குரல் தெரியும். அதுதான் வினையாயிற்று. அவள் குரலைப் பகைவன் ஒருவன் புகழ்ந்து பேசியது கணவன் காதுக்கு எட்டியது. தளபதி வல்லபனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது, வீரனுக்கு வாளைவிடச் சீக்கிரம் வருவது அதுதானே. நாற்பதாம் அத்தியாயத்தின் கடைசியில் உலையில் இரும்பைப் பழுக்கக் காய்ச்சி, சபை நடுவில் நின்று, "நீட்டு கையை" என்றான். பூதலநங்கையின் வலக்கை நீண்டது. தொடரும். அந்தத் 'தொடரும்' என்ற வார்த்தையை அன்றைக்குத் திலகவதி எத்தனை திட்டு திட்டினாள்! அடுத்த வியாழக்கிழமைக்கு ஏழு நாள் இருந்தது.

அந்த ஏழு நாளுக்குள் ஒரு சனிக்கிழமை வந்தது. காந்தி மார்க்கெட்டில் கத்தரிக்காய் பேரம். "இப்படி முத்தலை வெச்சுக்கிட்டு இந்த விலை சொல்றியேப்பா" என்று அவள் சொன்னது அவ்வளவுதான், பக்கத்தில் வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு ஆள் விசுக்கென்று திரும்பினார். "அம்மா, நீங்க டிரங்க் ஆபரேட்டர்தானே? உங்க குரலாச்சே! எங்கப்பா சாகக் கிடந்தப்ப ராத்திரியோட ராத்திரியா நாக்பூருக்கு லைன் வாங்கிக் குடுத்தீங்களே, இந்தக் குரலை மறப்பேனா" என்று கையெடுத்துக் கும்பிட்டார், கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. நடேசன் பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில்தான் நின்றிருந்தார். அவளுக்கு வந்த சந்தோஷத்தில் புருஷன் முகத்தைப் பார்க்கவே இல்லை, அது அவள் செய்த தப்பு, தப்பா, இல்லை, என்ன தப்பு? இப்போதும்கூடப் பார் அந்த வார்த்தை தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது! வீட்டுக்கு வருகிற வழியில் அவர் ஒரு கற்பூரப் பொட்டலம் வாங்கினார். விளக்கு வைக்கிற நேரத்துக்குத் தாம்பாளத்தில் கற்பூரக் கட்டியை வைத்துக் கொளுத்தினார். "அந்த ஆளு யாருன்னு எனக்குத் தெரியாது, குரல்ல கொஞ்சிப் பேசற பழக்கம் எனக்குக் கிடையாதுன்னு இதுல அடிச்சுச் சத்தியம் பண்ணு." கூச்சல் இல்லை, அடி இல்லை, பூஜைக்கு மணியெடுத்துக் கொடு என்கிற மாதிரி சாதாரணமாகத்தான் சொன்னார். அவளும் கையை நீட்டினாள். ஏன் நீட்டினாள்? இருபத்தைந்து வயசு, உத்தியோகம், மாசம் பிறந்தால் சம்பளம், இரண்டு பாஷையில் நாக்பூரையும் டில்லியையும் அதட்டத் தெரிந்தவள், என்ன கேடு என்று நீட்டினாள்? கற்பூரம் அணைகிறவரைக்கும் அமுக்கிக்கொண்டிருந்தாள். அணைந்ததும் தோல் தாம்பாளத்தோடு கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வந்தது. மறுநாள் அவரே மருந்து தடவினார், இரண்டு முழம் மல்லிகைப்பூவும் வாங்கி வந்தார். வியாழக்கிழமை அவள் இன்னும் படிக்காமல் கொண்டுவந்த பத்திரிகையை மட்டும், "இந்தக் கண்றாவியைப் படிச்சுத்தான் புத்தி கெடுது" என்று வெந்நீர் அடுப்பில் வைத்தார். நாற்பத்தொன்றாம் அத்தியாயம் நன்றாக எரிந்தது. அந்த வெந்நீரில்தான் குளித்துவிட்டு மறுநாள் அவள் டூட்டிக்குப் போனாள்.

மணி அடித்தது. கோமதிநாயகம் புத்தகத்தின்மேல் கையை வைத்து, "முழுசாப் படிச்சேன், நீங்களும் படிக்கலாம்" என்று கோட்டையைப் பிடித்தவர் மாதிரி சொல்லிவிட்டு உட்கார்ந்தார். எட்வின் சார் எழுந்தார். அவருக்கு அயல்நாட்டுப் பழைய நாவல்கள்தான், செவ்வியல் என்பார், நூறு வருஷத்துக்குக் குறைந்து எதையும் பேசமாட்டார். "முதல் எண்பது பக்கம் ஒண்ணும் நடக்காது. ஒரு குடும்பம் டீ குடிக்கும், மறுபடி டீ குடிக்கும். பொறுத்துக்கணும். முன்னெல்லாம் இங்க சேர்ற பிள்ளைங்க முதல் மாசம் வெறும் ஏ எஸ் டி எஃப்தான் அடிக்கும், லெட்டர் அடிக்கணும்னு அழும். விரல் பழகினப்புறம்தானே லெட்டர்?" இரண்டு பேர் சிரித்தார்கள். ஐந்து நிமிஷம். சரோஜாவின் ஞாபகம் வந்தது, பக்கத்து போர்டுக்காரி, கையில் சுற்றியிருந்த மஞ்சள் துணி ஆறு நாளாகியும் அவிழாததைப் பார்த்து "என்னடி ஆச்சு" என்று கேட்டவளிடம் "குக்கர் பட்டுருச்சு" என்று சொல்லிவிட்டு, "நீ படிச்சியே, பூதலநங்கைக்கு என்னாச்சுடி" என்று திலகவதி கேட்டாள். சரோஜா ஹெட்செட்டை ஒரு காதில் ஒதுக்கிக்கொண்டு கண்ணை விரித்துச் சொன்னாள். "இரும்பைப் பிடிச்சாடி! சுடவே இல்லையாம்! பூ மாதிரி ஜில்லுனு இருந்துச்சாம்! சபையே கும்பிடுது, அவ ஓடிப்போய் வல்லபன் கால்ல விழுந்து அழறா, நான் பஸ்ல அழுதுட்டேன் போ." பூ மாதிரியா! திலகவதிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை, விஜயவாடா லைனில் யாரோ ஹலோ ஹலோ என்று கத்த கத்தச் சிரித்தாள், துணிக்குள் கொப்புளம் உடைந்து நீர் கசிந்தது. பூ மாதிரியாம். எழுதினவர் என்றைக்காவது ஒரு தீக்குச்சியையாவது நுனிவரைக்கும் பிடித்துப் பார்த்திருப்பாரா?

ஆக, அவளுக்குத் தெரியும். இத்தனை வருஷமாக யாரிடமும் சொல்லாதது அதுதான். காணாமல் போன அத்தியாயத்தில் என்ன இருந்தது என்று தெரியாமல் ஊகித்து எழுதினாள் என்று யாராவது நினைத்தால், அது அவள்மேல் வைக்கிற இரக்கம், அந்த இரக்கம் அவளுக்கு வேண்டாம். தெரிந்தேதான் எழுதினாள். அன்று மத்தியானம் வலது கை எரிய எரிய, டிரங்க் கால் பதிகிற டிக்கெட்டுகளின் பின்பக்கத்தில், ஒரு லைனுக்கும் இன்னொரு லைனுக்கும் நடுவில். 'நீட்டிய கையை அவள் மடக்கவில்லை. அந்தக் கையாலேயே கொல்லனிடமிருந்து இடுக்கியை வாங்கி, பழுத்த இரும்பைத் தன் கணவன் முன் நீட்டினாள். சந்தேகம் உங்களுடையது, சோதனை மட்டும் என்னுடையதா? அந்தச் சந்தேகம் தூயதென்றால் இரும்பு உங்களையும் சுடாது. முதலில் உங்கள் கை.' சபையில் ஒரு கை அசையவில்லை. வல்லபன் கை அசையவில்லை. அவள் இரும்பைத் தண்ணீர்ச்சாலில் போட்டாள், சீறிக்கொண்டு புகை எழும்பியது, புகை அடங்குவதற்குள் நீர்வாயில் வழியே போய்விட்டாள். பதினொரு டிக்கெட். நாற்பத்திரண்டாம் அத்தியாயம் வந்தபோது பயந்துகொண்டே பிரித்தாள். பூதலநங்கை படகில் தனியாகப் போகிறாள், மதில் பின்னால் சிறுத்துக்கொண்டே போகிறது. கணவன் கட்டளைப்படி தீர்த்த யாத்திரையாம். யாத்திரை என்ற வார்த்தை அந்த அத்தியாயத்தில் ஒரே இடத்தில்தான் வந்தது, அதன்மேல் ஒரு சொட்டுக் காப்பி கொட்டியிருந்தது, தானாகக் கொட்டியதுதான், யார் நம்பினால் என்ன, நம்பாவிட்டால் என்ன. தொடர் முடிந்ததும் வெள்ளைத்தாளில் நல்ல கையெழுத்தில் எழுதி மற்ற அறுபத்துமூன்றோடும் சேர்த்து பைண்டரிடம் கொடுத்தாள். அந்தக் காலத்தில் வாரம் தப்பிப்போனால் அடுத்த வீட்டில் இரவல் வாங்கிப் பார்த்து எழுதித் தைப்பது எல்லார் வீட்டிலும் நடக்கிறதுதான், யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நடேசன்கூடக் கேட்கவில்லை. ரிடையராகி வீட்டில் உட்கார்ந்த பிறகு பொழுது போகாமல் அதை எடுத்துப் படித்தார், தினம் இரண்டு அத்தியாயம், பஸ் டிக்கெட்டை அடையாளம் வைத்துக்கொண்டு. நாற்பத்தொன்று வரைக்கும் போனார். அதற்கப்புறம் அந்த டிக்கெட் நகரவில்லை. ஒருநாள் சாப்பிடும்போது அவள் கையைப் பார்த்தார், ரசம் ஊற்றிக்கொண்டிருந்த கையை, பார்த்துவிட்டு "உப்பு கொஞ்சம் கம்மியா இருக்கு" என்றார். உப்பு சரியாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு எட்டு வருஷம் இருந்தார், போய்ச் சேர்ந்தார், கடைசி வரைக்கும் அவளே பார்த்தாள், அதில் ஒரு குறை வைக்கவில்லை. மன்னித்தாளா? தெரியாது. பஸ் டிக்கெட்டை மட்டும் எடுக்கவில்லை, அது அங்கேயே கிடக்கிறது, இரவல் கொடுக்கும்போதெல்லாம், "அந்த டிக்கெட்டை மட்டும் எடுத்துடாதீங்க" என்று சொல்லித்தான் கொடுப்பாள். எதற்கு என்று யாருக்கும் விளங்கியதில்லை.

"அக்கா, தண்ணி குடிக்கிறீங்களா? ஏன் இப்படி வேர்க்குது?" பக்கத்தில் இருந்த ரஹ்மத் நிஸா பாட்டிலை நீட்டினாள். டெய்லர். சட்டையில் எப்போதும் ஒரு நூல்துண்டு ஒட்டிக்கொண்டிருக்கும், இன்றைக்குப் பச்சை. திலகவதி தண்ணீரை வாங்கிக் குடித்தாள். பாலகுருசாமிக்கு யார் பயந்தது? கோமதிநாயகமும் மற்றவர்களும் வீதியில் நின்று பேசினால் பேசட்டும், வெறும் வாயை மெல்கிறவர்களுக்கு அவல் கிடைத்தால் மெல்லத்தான் செய்வார்கள். பயம் எல்லாம் இவளை நினைத்துத்தான். பத்து வருஷம் இருக்கும், இந்த வட்டத்துக்குப் புதுசாக வந்திருந்தாள், திலகவதி சிபாரிசு பண்ணின முதல் புத்தகம் இந்தச் சிவப்புக் காலிகோதான். அதை அவள் படித்து முடித்த வாரம் நாத்தனாரின் செயின் காணாமல் போயிற்று. வீடு முழுக்கக் கூடி உட்கார்ந்து, ரஹ்மத்து எடுக்கவில்லை என்றால் எல்லார் முன்னாடியும் சத்தியம் பண்ணட்டும் என்றார்கள். "அப்ப எனக்கு அந்தப் பூதலநங்கைதான் ஞாபகம் வந்தாக்கா. நான் எடுத்ததைப் பார்த்தவங்க யாரோ அவங்க மொதல்ல சத்தியம் பண்ணட்டும், அப்புறம் நான்னு சொன்னேன். ஒரு வாய் தெறக்கலை." அன்றைக்கே தையல் மெஷினை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டாள். செயின் அப்புறம் அரிசி டப்பாவில் கிடைத்ததாம், மன்னிப்புக் கேட்க யாரும் வரவில்லை, இவளும் போகவில்லை. "அந்தக் காலத்துலயே ஒருத்தி செஞ்சிருக்கா, நமக்கென்னன்னு ஒரு தைரியம் வந்துச்சுக்கா. அது எந்த ராஜா காலத்துலக்கா நடந்தது?" இதை அவள் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். "சரியா ஞாபகம் இல்லம்மா" என்று திலகவதி எத்தனையோ தடவை பேச்சை மாற்றியிருக்கிறாள். இவளைப் பொறுத்தவரை அது கதையே இல்லை, நடந்தது, கல்வெட்டில் இருப்பது. அது எக்ஸ்சேஞ்சில் கால் டிக்கெட்டின் முதுகில் ஒரு கோழை எழுதியது, கையை நீட்டிச் சுட்டுக்கொண்டவள் வீட்டுக்குத் தெரியாமல் எழுதியது என்று தெரிந்தால்? ஒரு பெண் எதன்மேல் காலை ஊன்றி வெளியே வந்தாளோ அதை உருவிவிட்டால்?

சொல்லாமலும் இருக்கலாம். வழி காட்டியாயிற்றே, மரியாதையாக, பத்திர ஆபீஸ் பாஷையில். எழுதியவர் யார் என்று எனக்குத் தெரியாது, அவ்வளவுதான். கையை வைத்து, வார்த்தையைச் சொல்லி, புத்தகத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டு, வழியில் கொத்தமல்லி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம். ரஹ்மத்துக்குப் பூதலநங்கை பாதி போனாலும் திலகாக்கா மிஞ்சுவாள். எட்வின் சார் எண்பதாவது பக்கத்தைத் தாண்டிவிட்டார், அந்தக் குடும்பத்தில் யாரோ செத்துப்போனார்கள், குரல் தழுதழுத்தது. அன்றைக்குச் செய்த சத்தியம் நிஜம், ஆனால் சுட்டது. இன்றைக்குச் செய்யப்போவது பொய், சுடாது. பூ மாதிரி இருக்கும். அட, பூ மாதிரி! திலகவதிக்கு மறுபடியும் அந்தச் சிரிப்பு வயிற்றிலிருந்து கிளம்பியது. நாற்பது வருஷம் கழித்து, அந்த எழுத்தாளர் சொன்ன மாதிரியே, இரும்பைப் பிடித்து, சுடாமல், சபை கும்பிட, காலில் விழுகிற அத்தியாயத்தை அவளையே நடிக்கச் சொல்கிறார்கள்! யாரால் முடியும்? மாட்டேன். போ. மாட்டேன் என்றால் மாட்டேன். மணி அடித்தது. அடிக்கட்டும்.

எழுந்தாள். முழங்கால் ஒரு சொடுக்குப் போட்டது. சிவப்புக் காலிகோவை எடுத்து டைப்ரைட்டரின் உறைமேல் வைத்தாள். பாலகுருசாமி பேனாவை மூடினார். "திலகவதியம்மா ஒரு சின்ன விளக்கம் சொல்வாங்க, அப்புறம் அந்த வால்யூமைப் பத்தி ஒரு முடிவு எடுத்துக்கலாம்" என்றார், குரலில் அவ்வளவு பஞ்சு.

"விளக்கம் இல்ல சார், சிபாரிசு" என்றாள் திலகவதி. "மாறன்கோட்டை மதில். அறுபத்துநாலு அத்தியாயம். அறுபத்துமூணு, பேர் போட்டிருக்கே அவர் எழுதினது. நாற்பத்தொண்ணாவது நான் எழுதினது. அவர் எழுதினது என்னன்னு எனக்குத் தெரியும், தெரிஞ்சுதான் இதை எழுதினேன். அதுல இரும்பு சுடாது. எனக்குச் சுட்டுது." வலது கையை விரித்துக் காட்டினாள். கூட்டத்தில் கோமதிநாயகம் மட்டும் 'அடடா' என்றார், எதற்கு என்று அவருக்கே தெரியவில்லை. "புதுப் புஸ்தகத்தையும் படிங்க, வேண்டாம்னு சொல்லலை. இதையும் படிங்க. அவ்வளவுதான் என் சிபாரிசு."

"அம்மா..." பாலகுருசாமிக்கு முகம் சிவந்துவிட்டது, கோபமா சங்கடமா தெரியவில்லை. "இப்படி ஒத்துக்கிட்டா நான் என்ன செய்யறது? ஆளாளுக்கு எழுதித் தெச்சுக்கிட்டா அப்புறம் மூலம்னு எதைச் சொல்றது? சரி. பதிவுக்காக. எப்பவும் வைக்கிற மாதிரி கையை வெச்சுச் சொல்லுங்க."

"வைக்கமாட்டேன். ஒரு தடவை வெச்சாச்சு" என்றாள். சொன்ன பிறகுதான் தன் குரல் எப்படி இருக்கிறது என்று கேட்டது, டில்லி லைனை அதட்டுகிற குரல், இத்தனை வருஷம் எங்கே கிடந்தது அது? "மூலம் மூலம்னு சொல்றீங்களே சார், அது உங்க மேஜையிலதான் இருக்கு. முதல்ல உங்க கை."

அறையில் பாதிப் பேருக்கு அந்த வரி தெரியும். ரஹ்மத் நிஸா நிமிர்ந்து உட்கார்ந்தாள். பாலகுருசாமியின் வலது கை பழக்கதோஷத்தில் தானாக எழும்பி, அந்தப் பளபள அட்டைக்கு ஒரு சாண் மேலே போய் நின்றது. நின்றது, இறங்கவில்லை. திலகவதிக்குத் தெரியும், அவர் பொய் சொல்கிற ஆள் இல்லை, தாலுகா முழுக்கப் பேர் வாங்கியவர். பிறகு அவர் கையைத் தொடைமேல் எடுத்து வைத்துக்கொண்டார். "நாற்பத்தொண்ணு மட்டும்தான் படிச்சேன்" என்றார் மெதுவாக. "சரிபார்க்கிறதுக்காக."

"அப்ப முழுசாப் படிங்க சார். ரெண்டையும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். பக்கத்தில் திரும்பப் பயமாக இருந்தது, பாலகுருசாமியை நேருக்கு நேர் பார்த்தவளுக்கு இந்தப் பக்கம் திரும்பப் பயமாக இருந்தது. ரஹ்மத் நிஸா பேசவில்லை. அந்தச் சத்தமும் திலகவதிக்குக் கேட்டது.

"அப்ப நீங்களாக்கா எழுதினீங்க?"

"ஆமா ரஹ்மத்து."

"எந்த ராஜா காலத்துலயும் நடக்கலையா?"

"நடக்கலைம்மா" என்றாள் திலகவதி. இனி என்ன ஒளிக்க? "எனக்கு நடந்திருக்கணும், எண்பத்திரண்டுல. நான் கையை நீட்டிட்டேன். அதான் எழுதினேன். நடந்ததுன்னு உன்னை நம்பவெச்சுட்டேன்."

ரஹ்மத் நிஸா சட்டையிலிருந்த பச்சை நூலைப் பிய்த்து விரலில் சுற்றினாள். பிறகு திலகவதியின் மடியிலிருந்த வலது கையை, ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன தன் கைக்குள் எடுத்துக்கொண்டாள்.

"நடந்துச்சுக்கா" என்றாள். "ரெண்டாயிரத்துப் பதினாலுல. பாலக்கரையில, எங்க மாமியார் வீட்டுக் கூடத்துல."

மணி அடிக்க வேண்டும் என்பதை எட்வின் சார் மறந்துபோயிருந்தார்.